புல்வெளியில் முளைத்த காளானைச் சமைக்கலாமா?

மழை பெய்த பிறகு, வீட்டுப் பக்கத்துப் புல்வெளியில் வெள்ளைக் குடைக்காளான் முளைத்திருக்கா? பறிச்சுச் சமைக்காதீங்க.

அது குளோரோபில்லம் மோலிப்டைட்ஸ் என்ற நச்சுக்காளானாக இருக்கலாம். பார்க்க, நாம் சாப்பிடும் புற்றுக்காளான் மாதிரியே இருக்கும். முற்றிய பிறகுதான் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் பச்சையாகும், இளசில் தெரியாது. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும்.

மஞ்சள், பூண்டு போட்டுப் பார்த்தால் நஞ்சு தெரியும் என்பது உண்மையில்லை. சில அமானிட்டா காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 6 மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும், கல்லீரல் பாதிக்கப்படும்.

ஏற்கெனவே சாப்பிட்டாச்சா? வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. மிச்சக் காளானோடு மருத்துவமனைக்குப் போங்க. கெலுகோர் யுஎஸ்எம் வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் ஆலோசனை கேட்க 1-800-88-8099. அவசரம் என்றால் 999.