கலை அரசி (1963): இரண்டு உலகம், ஒட்டாத கதைகள்

தமிழில் விஞ்ஞானப் படம் என்றதும் எல்லோரும் எந்திரனில் (2010) ஆரம்பிப்பார்கள். நான் இன்னும் 47 வருடம் பின்னால் போகிறேன் நண்பர்களே. ஏ.காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963-ல் வந்தது. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியதும் அதே 1963-ல்தான், நவம்பர் 21 அன்று.

கதை இதுதான். வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் உண்டு, கலை இல்லை. அதனால் அங்கிருந்து தளபதி (நம்பியார்) பறக்கும் தட்டில் வந்து பாடகி வாணியைக் கடத்துகிறார். இங்கே பூமியில் அவளுடைய சொத்துக்குக் குறிவைக்கும் கண்ணன் (வீரப்பா), வாணியைப் போலவே இருக்கும் வள்ளி (இதுவும் பானுமதிதான்), காதலன் மோகன். மோகன் அந்தக் கிரகத்து ஆள் ஒருவனின் வேடத்தில் மேலே போகிறான்.

யோசனை பிரமாதம். ஆனால் வாணி மேலே போனதும் படம் இரண்டாகப் பிரிகிறது. மேலே ஒரு கதை, கீழே வழக்கமான சொத்துக் கதை. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது தடங்கல் இல்லாமல் ஓடும்!

இணைக்கும் நூல் படத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கிரகத்துக்காரர்களுக்கு வாணியின் குரல் வேண்டும், கண்ணனுக்கு அவள் சொத்து வேண்டும். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை இருவருமே கேட்பதில்லை. வள்ளிக்கோ முகம் இருக்கிறது, அந்தப் பாட்டு இல்லை. அதாவது, மேலே இல்லாத கலை இப்போது கீழே அந்த வீட்டிலும் இல்லை. வள்ளிக்குப் பாட வராததைக் கண்டுதான் மோகன் உண்மையை உணர்கிறான், அதனால்தான் மேலே கிளம்புகிறான் என்று வைத்திருந்தால், கீழ்க்கதையே மேல்கதைக்குக் காரணமாகியிருக்கும். வள்ளியும் வெறும் ஆள்மாறாட்டத்துக்கு வந்த பாத்திரமாக நின்றிருக்க மாட்டாள்.

எங்கள் அன்னவாசலுக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் இருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒவ்வொன்றும் தன் வேலையில் இருக்கிறது. ஆனாலும் ஒரே ஓவியமாகத் தெரிகிறது, ஏனென்றால் எல்லாம் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. கிளைக்கதைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், குளம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கலை இல்லாத விஞ்ஞானம் எதற்கு என்று 1963-லேயே கேட்ட படம் இது. கதையும் ஒட்டியிருந்தால் அந்தக் கேள்வியை இன்றும் பேசிக்கொண்டிருப்போம்.