சட்டம் கற்ற தாய்

"எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்னும் ஒரு சொல்லை நம்பி, தம் குடும்ப வழக்கைப் பற்றி யாதொன்றும் அறியாமல் நியாயஸ்தலப் படியேறுவோர் நம்மவருள் பலர். தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், வழக்கு எவ்வாறு நடக்கும் என்று முன்னரே கேட்டறிவதை மானக்குறைவாக எண்ணுவோரும் உளர். அத்தகையோர் இங்கிலாந்தில் வாழ்ந்த கரோலின் நார்ட்டன் அம்மையாரின் சரித்திரத்தை அறிதல் நலம்.

அம்மையார் பெயர்பெற்ற எழுத்தாளர். 1827-இல் ஜார்ஜ் நார்ட்டன் என்பவனை மணந்து மூன்று ஆண்மக்களைப் பெற்றார். கணவன் பாரிஸ்டர், பின்னர் மாஜிஸ்திரேட்டும் ஆனவன். வீட்டிலோ மனைவியை அடிப்பவன். 1835-இல் கொடுமை பொறாது வெளியேறிய அம்மையார், அவன் கெஞ்சியதற்கு இரங்கித் திரும்பிவந்தார். நம் வீடுகளில் பெரியவர்கள் கூடிப் பேசிச் சேர்த்துவைப்பதைப் போன்றதே இதுவும். ஆனால் அக்காலத்துச் சட்டமோ, கொடுமைக்குள்ளான மனைவி மீண்டும் கணவனோடு வாழச் சென்றால் அக்கொடுமையை அவள் மன்னித்துவிட்டதாகவே கொண்டது. பிறகு அதனைக் காட்டிப் பிரிவினை கேட்க இடமில்லை. கணவன் சட்டம் படித்தவன், மனைவி படியாதவர். அவர் இதனை அறிந்தது காலங்கடந்த பின்னரே.

1836-இல், அம்மையார் வீட்டில் இல்லாத வேளையில் பிள்ளைகள் மூவரும் அகற்றப்பட்டனர். அவ்வளவில் நில்லாது, பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபு தன் மனைவியோடு கூடாவொழுக்கம் கொண்டார் என்று 10,000 பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தான் நார்ட்டன். ஜூன் 22-ஆம் நாள் விசாரணை நடந்தது. ஜூரிகள் இருந்த இடத்தைவிட்டு எழாமலே பிரபுவின் பக்கம் தீர்ப்பளித்தனர். சந்தி சிரித்ததோ அம்மையாரின் மானம்! அவர் அவ்வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர் என்பதால் தம் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. வழக்கில் தோற்றவனிடமே பிள்ளைகள் இருந்தனர். குற்றமற்ற தாய்க்கும் அவர்களைக் காணும் உரிமை அன்றில்லை.

அதன் பின்னரே அம்மையார் சட்டத்தைத் துருவித் துருவிக் கற்றார். கற்றதைத் துண்டுநூல்களாக எழுதி அச்சிட்டார். பெண்பிள்ளை எழுதினாள் என்று தள்ளுவார்களே என அஞ்சி, அவற்றுள் ஒன்றை ஆண்பெயரில் வெளியிட்டார். டால்போர்டு என்னும் வழக்கறிஞர் பாராளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1838-இல் பிரபுக்கள் சபை அதனைத் தள்ளிற்று. 1839-இல் அது சட்டமாயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம் பொறுப்பில் விடுமாறும், மூத்த பிள்ளைகளைக் காண அனுமதிக்குமாறும் தாய்மார் நீதிமன்றத்தை வேண்டலாம் என்றது அச்சட்டம். அதனால் அம்மையார் அடைந்த பயனோ சொற்பம். பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் இருந்தனர். இங்கிலாந்தின் நீதிமன்றக் கை அங்கு நீளாது. 1842-இல் இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். தாய் போய்ச் சேருமுன் உயிர் போயிற்று.

இச்சரித்திரத்துக்கும் நமக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 1826-ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழியே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு ஆங்கிலச் சட்டம் வந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கென 1976-இல் இயற்றி 1982-இல் அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்திலும் அந்த ஏழு வயது நிற்கக் காணலாம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலமென்று அதன் 88-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. ஆயினும் அவ்வனுமானத்தை மறுதரப்பார் சான்று காட்டி முறியடிக்கலாம் என்றும் அப்பிரிவே கூறுகிறது. முன்பாதியை மட்டும் கேள்வியுற்று, "பிள்ளை எனக்குத்தான்" என்று வாளாவிருக்கும் தாய் ஏமாறக்கூடும். 106-ஆம் பிரிவும் அத்தகையதே. துணைவர் இருக்குமிடமே தெரியாதது போன்ற சில நிலைமைகள் நீங்கலாக, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்பதானால் முதலில் இணக்கக் குழுவை நாடவேண்டும். அக்குழுவுக்கு ஆறு மாதத் தவணை உண்டு. அந்த ஆறு மாதத்தை வெறுங்காத்திருப்பாகக் கழியாமல், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர் யார், காய்ச்சலில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர் யார் என்பதற்குரிய சீட்டுகளைத் தாய் தேடி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.