செறிவு வேறு, கன அளவு வேறு: உடல்நீர்ச் சமநிலையில் ஹார்மோன்களின் பணிப்பிரிவு

இரத்தப் பரிசோதனையில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருந்தால், உடலில் உப்புக் குறைந்துவிட்டது என்று பொருள்கொள்வது பரவலான வழக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. சோடியத்தின் செறிவு பெரும்பாலும் உடலில் நீர் மிகுந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதையே காட்டுகிறது. மொத்த உப்பின் இருப்பை அன்று. செறிவைக் காப்பது வாசோபிரசின். உப்பின் இருப்பையும் அதன்வழி இரத்தத்தின் கன அளவையும் காப்பதில் தலைமையானது ரெனின்–ஆஞ்சியோடென்சின்–ஆல்டோஸ்டீரோன் தொடர்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது 1.5 லிட்டர் அளவே. வடிநீரின் பெரும்பகுதி நெஃப்ரானின் முற்பகுதிகளில் வாசோபிரசின் இல்லாமலே மீள உறிஞ்சப்படுகிறது. எஞ்சியதை ஆள்வதே அந்த ஹார்மோனின் வேலை. நாய்களின் கழுத்துத் தமனியில் அடர் உப்புக் கரைசலைச் செலுத்தினால் சிறுநீர் குறைவதை 1947இல் வெளியிட்ட ஆய்வில் வெர்னி காட்டினார். செறிவை அளந்தறியும் உணர்விகள் மூளைக்குள் இருப்பதற்கு அது சான்றாயிற்று. இரத்தத்தின் சவ்வூடு பரவல் செறிவு ஒரு விழுக்காடு உயர்ந்தாலே பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வாசோபிரசின் சுரக்கிறது. அது சேகரிப்பு நாளச் செல்களின் வி2 ஏற்பிகளில் பிணைந்ததும், அக்குவாபோரின்-2 என்னும் நீர்த்தடங்கள் செல்சவ்வுக்கு நகர்கின்றன. அவற்றின் வழியே மீள்வது நீர் மட்டுமே.

ஆல்டோஸ்டீரோன் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு. சிறுநீரகத்துக்குள் நுழையும் இரத்தத்தின் அழுத்தம் தாழும்போது ரெனின் சுரக்கிறது. ஆஞ்சியோடென்சின் வழியாக அட்ரினல் புறணி தூண்டப்பட்டு ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது. அதன் விளைவாக நெஃப்ரானின் இறுதிப்பகுதி சோடியத்தை மீட்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் தங்குவதால் கன அளவு பெருகுகிறது. செறிவோ ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

இப்பணிப்பிரிவை இரண்டு நோய்கள் உறுதிசெய்கின்றன. 1955இல் கான் விவரித்த நோயில் ஆல்டோஸ்டீரோன் மிகையாகச் சுரக்கிறது. செறிவை ஆள்வது அதுவே எனில் இரத்தச் சோடியம் வெகுவாக ஏறவேண்டும். ஆனால் அது இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோதான் இருக்கிறது. ஏறுவது இரத்த அழுத்தம். 1957இல் சுவார்ட்ஸும் பார்ட்டரும் குழுவினரும் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் விவரித்தது இதற்கு மறுதலை. அங்கே வாசோபிரசின் தேவையின்றிச் சுரக்கிறது, சோடியம் சரிகிறது, வீக்கமோ தோன்றுவதில்லை. சிறுநீரிலும் உப்பு தாராளமாக வெளியேறுகிறது. அருந்தும் நீரைக் குறைத்தால் சோடியம் மீள்கிறது. சாதாரண சலைனை ஏற்றினாலோ, உப்பு சிறுநீரில் போய் நீர் தங்கிவிட, நிலை மோசமாகவும் கூடும்.

இதயச் செயலிழப்பில் வாசோபிரசின் செறிவைக் காக்கத் தவறுகிறதே என்று கேட்கலாம். அங்கே தமனிகளில் இரத்தம் போதவில்லை என்று அழுத்த உணர்விகள் அறிவிக்கின்றன. செறிவு தாழ்ந்திருந்தும் வாசோபிரசின் சுரக்கிறது. கால் வீங்கிய அந்நோயாளியின் உடலில் உப்பு மிகுதி. இரத்தச் சோடியமோ குறைவு. இரு தேவைகளும் மோதும்போது உடல் செறிவைக் கைவிட்டு, இரத்த ஓட்டத்தைக் காக்கிறது. ஆகவே இது பணிப்பிரிவை மறுக்கும் சான்றன்று. இரண்டில் எதற்கு முன்னுரிமை என்பதைக் காட்டும் சான்று.

உப்பு உண்மையிலேயே இழக்கப்படும் நிலைகளும் உண்டு: அடிசன் நோய், கடும் வயிற்றுப்போக்கு, சில சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள். அங்கும் கன அளவு சரிவதால் தூண்டப்படும் வாசோபிரசின் நீரைத் தேக்குவதே செறிவு தாழ்வதில் பெரும்பங்கு வகிக்கிறது. இந்நோயாளிகளுக்கு உப்பு தேவை. இதய நோயாளிக்கோ அது கேடு. பரிசோதனைத் தாளில் இருவரின் எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம். எனவே சோடியம் குறைவுக்கு உப்பைப் பரிந்துரைக்கும் முன், நோயாளியின் நீர்நிலையை நேரில் ஆராய்ந்து, சிறுநீரின் செறிவையும் சோடியத்தையும் அளப்பதே முறை.