முறத்துக்குள் ஒரு நயா பைசா

திருத்தணி வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய முறம் கிடைத்தது. மூங்கில் முறம், மேலே காகிதக்கூழ் மெழுகியது. இதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: மூங்கில் பின்னலில் இருக்கும் சந்து வழியாக ரவையும் மாவும் கொட்டிவிடும். அதை அடைக்க, பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து உரலில் ஆட்டி, கொஞ்சம் மஞ்சளும் போட்டு, உள்ளும் புறமும் பூசி வெயிலில் காயவைப்பார்கள். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் இதே கூழை அப்பிக் காயவிட்டால் தனிக் கூடையே கிடைத்துவிடும். ஒட்டுவது வெந்தயத்தின் பிசின். கேலக்டோமன்னன் என்று பெயர். உணவுத் தொழிற்சாலைகளில் கெட்டிப்படுத்தப் போடும் கொத்தவரைப் பிசினும் இதே வகைதான்.

அம்மாவிடம் காட்டினேன். "எங்கம்மா கல்யாணத்துக்கு நகரியிலேர்ந்து கொண்டு வந்தது" என்றார். அந்தக் கல்யாணம் 1949.

முறத்தின் ஓரத்தில் கூழ் சரியாக அரைபடாத இடம் ஒன்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்து தெரிந்தது. ஒரு துண்டில் தெலுங்கு. அதை ஒட்டியே, கட்டைவிரல் அகலத்துக்குத் தமிழ்: "விலை", அப்புறம் கிழிந்துபோன ஓர் எண், அப்புறம் "ந.பை."

ந.பை. என்றால் நயா பைசா. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய் 100 பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ல். 1964 ஜூனில் 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ஆக அந்தத் தாள் அச்சானது பெரும்பாலும் இந்த ஏழு வருடத்துக்குள். 1949ல் வந்த முறத்தில் 1957க்குப் பிந்தைய காகிதம் எப்படி?

தெலுங்கு எழுத்து உதவும் என்று முதலில் நினைத்தேன். திருத்தணி 1953ல் ஆந்திர மாநிலத்தோடு போய், ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் தாண்டி, 1960 ஏப்ரல் 1ல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் தெலுங்குத் தாள் என்றால் 1960க்கு முன் என்று ஒரு கணக்குப் போட்டேன். அசட்டுக் கணக்கு. ஆந்திர பத்திரிகா நாளிதழே 1914ல் சென்னையில்தான் தொடங்கியது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இன்றைக்கும் இரண்டு மொழியும் புழங்கும். எல்லைக்கோடு நகர்ந்ததென்று யாரும் பேப்பரை மாற்றியிருக்க மாட்டார்கள்.

சரி, இந்தப் பழக்கமே எவ்வளவு பழையது? "ஆதிகாலத்துப் பாரம்பரியம்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காகிதம் என்ற சொல்லே பாரசீக, அரபு வழியில் வந்தது. நமக்கு எழுத ஓலை இருந்தது, ஓலையை ஆட்டிக் கூழாக்க முடியாது. காஷ்மீரில் 15ஆம் நூற்றாண்டிலேயே காகிதக்கூழ்க் கலை இருந்தது உண்மைதான். ஆனால் அது கைவினைஞர்கள் செய்து விற்ற பொருள், அடுப்படி வேலை இல்லை. வீட்டில் கூழ் ஆட்டும் அளவுக்குக் காகிதம் வீணாகச் சேர வேண்டுமென்றால் பத்திரிகை மலிவாக வர வேண்டும். சுதேசமித்திரன் நாளிதழானது 1899ல், தினமணி வந்தது 1934ல், தினத்தந்தி 1942ல். அதற்கு முன்னால் முறத்துக்கும் கூடைக்கும் சாணம் இருந்தது. காகிதமும் வெந்தயமும் சேர்ந்தது, என் கணிப்பில், நம் பாட்டிகள் காலத்துப் புதுமை. அவர்கள் கண்டுபிடித்ததை அவர்களிடமிருந்து பிடுங்கி ஆதிகாலத்துக்கு எழுதிவைப்பானேன்?

முறத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அம்மாவிடம், பாட்டி சொன்னது தப்பு, முறம் 1957க்கு அப்புறம்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அம்மா காய்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முறத்த ஒரு தடவதான் மெழுகுவாங்களா? ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ உரிஞ்சுபோகும், மறுபடி பூசுவோம். நானே சின்னப் புள்ளையில பூசியிருக்கேன்."

அவ்வளவுதான். மேல் பூச்சின் வயதை முறத்தின் வயது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். புது பெயின்ட் அடித்த தேதியை வைத்து வீடு கட்டிய வருடத்தைச் சொன்ன மாதிரி. உள்ளே இன்னும் நாலைந்து அடுக்கு இருக்கலாம், அடியில் 1949ம் இருக்கலாம். உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உரித்தால் முறம் இருக்காது.

இரண்டு நாள் யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன். அம்மாவோ அதை மறுபடி மெழுகிப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்கிறார். செய்தித்தாள் மை உணவில் படக்கூடாது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதில் பலகாரம் மடிக்கவே தடை போட்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ உம் பொண்ணோட பழைய நோட்ட எடுத்துட்டு வா" என்றார். ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு இரண்டு இப்போது வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. முறத்தை நான் பீரோவில் வைத்துவிட்டேன். கூழுக்கு வேறு கூடை தேட வேண்டும்.