சதுரங்கம் (வேலூர் – ஆம்பூர் வட்டாரம்)

சதுரங்கம்: எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட பலகையில் இருவர் ஆடும் போர் விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையையும் கைக்குள் அடங்கும் காய்களாகச் சுருக்கியது. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் பிற்காலப் போர் விளையாட்டுகளுக்கு முன்னோடி. வேலூர் வட்டாரத்தில் இதற்குள்ள முதன்மையான சான்று கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

தோற்றம்: 7ஆம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் சதுரங்கம் சுட்டப்படுகிறது. ஆட்டம் வட இந்தியாவில் பிறந்து பாரசீகம் சென்றது என்பதே பெரும்பான்மையோர் கருத்து. பாரசீகத்தையும் சீனத்தையும் பிறப்பிடமாகச் சொல்வோரும் உளர். நால்வர் தாயக்கட்டையுடன் ஆடிய வடிவமே மூத்தது என்று ஹைரம் காக்ஸ் கருதினார். பின்வந்த ஆய்வாளர்களில் பலர் இதை ஏற்கவில்லை. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி அந்த நால்வர் ஆட்டத்தையே விவரிக்கிறார். அதில் யானை நேரே முன்னால் ஒரு கட்டம் போகலாம், அல்லது நான்கு மூலைகளில் ஒன்றுக்கு நகரலாம். ஆக ஐந்து இடங்கள்: தும்பிக்கைக்கு ஒன்று, கால்களுக்கு நான்கு என்பது அவர் தரும் விளக்கம்.

தமிழகத்தில் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் எனப்படுகிறார். சிவபெருமான் சதுரங்கத்தில் அரசகுமாரியை வென்று மணந்தார் என்கிறது தலபுராணம். இதைக் கொண்டு ஆட்டத்தின் காலத்தைக் கணிப்பது கடினம்.

ஆம்பூர்ப் போர்: சந்தா சாகிப், முசாபர் ஜங், பிரெஞ்சுப் படை ஆகியோரின் கூட்டணியை 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் ஆம்பூரில் எதிர்கொண்டார். யானைமேல் அமர்ந்து போரிட்ட நவாப் குண்டடிபட்டு இறந்ததும் அவரது படை சிதறிப்போனது. அரசன் வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது என்னும் பலகை விதி அக்காலக் களத்துக்கும் பொருந்திற்று.

நாட்டு ஆட்டமுறை: ஐரோப்பிய விதிகள் பரவும் முன், ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகளுடன் ஆடப்பட்டது இது. காலாள் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். இன்று ஆடுவதுபோல் அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறிக் கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. மாறாக, முற்றுகை படாத அரசன் ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். அரசர்கள் எதிரெதிரே நிற்பதில்லை; ஒருவரின் அரசனுக்கு நேரே மற்றவரின் மந்திரி (இன்றைய அரசி) நிற்பார். கடைசி வரிசையை எட்டிய காலாள் அந்த இடத்துக்குரிய காயாகவே உயரும். குதிரை நின்ற கட்டத்தில் ஏறினால் குதிரைதான், மந்திரி கிடைக்காது. சில இடங்களில் தொடக்கத்தில் ஆளுக்குச் சில நகர்வுகளை ஒருசேர வைத்து, நடுக்கோட்டைத் தாண்டாமல் அணிவகுத்துக்கொள்வதும் உண்டு. இதனால் மோதல் தாமதமாகவே வரும். அதுவரை இருவரும் வியூகம் அமைப்பார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இம்முறையை ஏக்கத்தோடு நினைவுகூர்வதற்கு இந்த நிதானமே காரணம் எனலாம். பாடம் செய்த தொடக்க நகர்வுகள் செல்லாத பலகையில் ஒவ்வொரு படையும் ஆடுபவரின் சொந்தப் படையாக இருந்தது.

1814இல் திருவேங்கடாசாரிய சாஸ்திரி தம் வடமொழி நூலிலிருந்து சதுரங்க நிலைகளை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப ஆங்கிலத்தில் தந்து பம்பாயில் வெளியிட்டார்.

வேலூர்க் கோட்டை: கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபினர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1816இல் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். அதற்கு முன் அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தினர் 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1832 ஜனவரி 30 அன்று இறக்கும்வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள், மன்னர் வேலூரில் காவலில் இருந்தார். பாலாற்றங்கரையில் உள்ள அவரது கல்லறை முத்து மண்டபம் எனப்படும். அவர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் காய்களும் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. படையும் நாடும் பறிபோன ஒருவருக்கு எஞ்சிய யானையும் குதிரையும் இவையே என்பதால், அங்குள்ள பொருள்களில் இவற்றுக்குத் தனி இடம் தரவேண்டும்.

பிற நாடுகளில்: 1780இல் ஹெல்விக் என்னும் ஜெர்மானியர் சதுரங்கத்தை விரித்துப் போர் ஆட்டம் ஒன்றை அமைத்தார். ரைஸ்விட்ஸ் குடும்பத்தினரின் போர் ஆட்டத்தை 1824 முதல் பிரஷ்யப் படை பயிற்சிக்குக் கைக்கொண்டது. எச். ஜி. வெல்ஸ் ஈயச் சிப்பாய்களையும் பொம்மைப் பீரங்கியையும் கொண்டு ஆடும் விதிகளை 1913இல் நூலாக்கினார். முர்ரேயின் சதுரங்க வரலாறு வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

பிற்காலம்: நாட்டு முறையில் பழகிய மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டம் வென்றார். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் தொடங்கியது. நாட்டு முறை படிப்படியாக மறைந்தது. 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024இல் சென்னையின் குகேஷ் உலக வாகையரானார்.