காட்டை எரித்தவர்களே காட்டைக் காத்த கதை

கீழக்கரையில் மலை கிடையாது. ஏர்வாடி பக்கம் போனாலும் சரி, ராமநாதபுரம் பக்கம் போனாலும் சரி, கண்ணுக்கு எட்டிய தூரம் தெரிவது பனையும் சீமைக் கருவேலமும்தான். அதனால் காட்டுத் தீ என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒரு செய்தி, அவ்வளவுதான். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேற்றத்துக்குப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான், தமிழ்நாட்டிலும் காடு இப்படி எரியுமா என்று பலரும் கேட்டார்கள்.

குரங்கணிக்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் அனுமதி வாங்கினார்களா, வழிகாட்டி யார், ஹெலிகாப்டர் எப்போது வந்தது என்பதைப் பற்றியே இருந்தது. ஆனால் சத்தம் கேட்டு முதலில் மலையேறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். காட்டின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கும் காட்டுத் தீக்கும் உள்ள உறவு என்ன? அவர்கள் தீயை வைப்பவர்களா, அணைப்பவர்களா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வேண்டுமானால் நூறு வருடம் பின்னால், இமயமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும்.

ஜிம் கார்பெட் எழுதிய புலி வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்குக் குமாயுன் என்ற பெயர் தெரிந்திருக்கும். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதி அது. அல்மோரா, நைனிடால், பாகேஷ்வர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1815இல் கூர்க்காக்களிடமிருந்து அந்தப் பகுதியை வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். மலைச்சரிவில் படி படியாக வயல், வயலுக்கு மேலே காடு. இதுதான் அங்கே ஒரு கிராமம். மாட்டுக்குத் தீவனம், அடுப்புக்கு விறகு, வயலுக்கு இலை உரம், ஏருக்கு மரம் எல்லாம் அந்தக் காட்டிலிருந்துதான். காடு இல்லை என்றால் வயலும் இல்லை!

அந்தக் காட்டில் இரண்டு மரங்கள் முக்கியம். ஒன்று பாஞ்ச் எனப்படும் ஓக் மரம். அகலமான இலை, ஈரமான நிழல். இதன் இலை மாட்டுக்குத் தீவனமாகும், வேரடியில் நீர் தங்கும். மலை ஊர்களின் சுனைகள் பெரும்பாலும் பாஞ்ச் காடுகளை ஒட்டித்தான் இருக்கும். இன்னொன்று சீர் எனப்படும் பைன் மரம். இதன் ஊசி இலைகளை அங்கே பிரூல் என்கிறார்கள். கோடை தொடங்கும்போது பிரூல் கொட்டி, தரையில் மெத்தை போலக் கிடக்கும். மாடு அதைத் தின்னாது. மேலே நடந்தால் வழுக்கும். உள்ளே பிசின் இருப்பதால் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், பற்றிக்கொள்ளும்.

பிரூலுக்கு ஊர்மக்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவர்களே கொளுத்திவிடுவார்கள்! காய்ந்த புல்லும் பிரூலும் எரிந்த இடத்தில், முதல் மழைக்குப் பச்சைப் புல் முளைக்கும். மாட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கும். வளர்ந்த சீர் மரத்தின் பட்டை தடிமனானது, லேசான தரைத்தீயில் அது சாகாது. வருடா வருடம் கொஞ்சம் எரிந்துவிடுவதால் பெருந்தீக்குத் தேவையான குப்பை சேராது. இது யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல, பழக்கம்தான்.

வெள்ளைக்காரர்களின் கணக்கு வேறாக இருந்தது. ரயில் பாதைக்குக் குறுக்குக் கட்டை வேண்டும். சீர் மரத்தைக் கீறினால் பிசின் வடியும், அதைக் காய்ச்சினால் டர்பன்டைனும் ரோசினும் கிடைக்கும். நைனிடாலுக்குப் பக்கத்தில் பவாலியில் இதற்கென்றே ஆலை வைத்தார்கள். ஆக, ஊர்க்காரனுக்குப் பயன் குறைந்த சீர் அரசாங்கத்துக்குத் தங்கம்; ஊர்க்காரனுக்கு உயிரான பாஞ்ச் அரசாங்கத்துக்கு வெறும் விறகு. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1893இல் அளவிடப்படாத நிலம் அனைத்தும் அரசின் பாதுகாக்கப்பட்ட காடு என்று ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு 1911 முதல் 1917 வரை சுமார் 7,500 சதுர கிலோமீட்டர் காடு வனத்துறையின் கைக்குப் போனது. எத்தனை மாடு மேயலாம், எவ்வளவு கிளை வெட்டலாம் என்றெல்லாம் கட்டுப்பாடு. வருடாந்திரத் தீ வைப்பு குற்றம் ஆனது. புல் அறுக்கப் போன பெண்கள் காவலாளியைக் கண்டு பயந்து ஓடும் நிலை வந்தது. கூடவே 'கூலி பேகார்' என்ற கொடுமையும் இருந்தது. மலைக்கு வரும் அதிகாரியின் மூட்டையை ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சுமக்க வேண்டும். நம் பக்கத்தில் வெட்டி வேலை என்பார்களே, அதுதான்.

1921 ஜனவரி 14. நம் ஊரில் பொங்கல் நேரம், அங்கே உத்தராயணித் திருவிழா. பாகேஷ்வரில் சரயு நதிக்கரையில் கூடிய மக்கள், பத்ரி தத் பாண்டே போன்ற தலைவர்களின் முன்னிலையில், யார் யார் சுமை தூக்க வேண்டும் என்று எழுதிய பதிவேடுகளை ஆற்றில் வீசினார்கள். இனி சுமப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அந்த முறை அத்தோடு ஒழிந்தது.

அதே வருடக் கோடையில் காடு எரிந்தது. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று போய் இரண்டு லட்சம் ஏக்கரையும் தாண்டி எரிந்தது. பிசின் எடுக்கும் இடங்கள் சாம்பலாயின. தீயை அணைக்க வரும்படி வனத்துறை ஊர்களைக் கூப்பிட்டது, பல ஊர்களில் ஆள் வரவில்லை.

இதில் வியக்க வேண்டியது எரிந்த காடு அல்ல, எரியாத காடு. வரலாற்று அறிஞர் ராமச்சந்திர குஹா இந்தத் தீயைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார். எரிந்தவை எல்லாம் அரசு பணம் பார்த்த சீர் காடுகள். பாஞ்ச் முதலிய அகன்ற இலைக் காடுகளும் அதே அரசின் கையில்தான் இருந்தன, ஆனால் அவற்றில் யாரும் கை வைக்கவில்லை. ஈரக்காடு எளிதில் எரியாது என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் மக்கள் காட்டின் மேல் கோபப்படவில்லை, காட்டைப் பறித்தவர்கள் மேல்தான் கோபப்பட்டார்கள் என்பது தெளிவு. கண்மூடித்தனமான வன்முறை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

அரசாங்கம் அசைந்தது. குமாயுன் வனக் குறைகேட்புக் குழுவை அதே 1921இல் அமைத்தார்கள். தலைவர் குமாயுன் கமிஷனர் பெர்சி விண்டம், ஜிம் கார்பெட்டின் நண்பர். குழு மலை முழுக்கச் சுற்றி ஐயாயிரம் பேர் அளவில் விசாரித்தது. சட்டம் போட்டுக் காவல் காப்பது இந்த மலையில் நடக்காது என்பது அவர்களுக்குப் புரிந்தது. குழுவின் பரிந்துரைப்படி காட்டை இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். வியாபார மதிப்பு இல்லாதது முதல் வகுப்பு, அது வருவாய்த்துறைக்குப் போய் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மதிப்புள்ளது இரண்டாம் வகுப்பு, வனத்துறையிடமே இருந்தது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. திறந்துவிட்ட காட்டுக்கு யாரும் பொறுப்பு இல்லை. எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டது. பல இடங்களில் முதல் வகுப்புக் காடு வெட்டுப்பட்டு மொட்டையானது. மக்களிடம் கொடுத்தால் மக்கள் தானாகக் காப்பாற்றிவிடுவார்கள் என்று பேசுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய கட்டுப்பாடுகளை ஒரு முறை உடைத்துவிட்டால், திறந்துவிட்ட மாத்திரத்தில் அவை திரும்பி வருவதில்லை.

அதற்கு மருந்தாக வந்தது 1931ஆம் ஆண்டின் வன் பஞ்சாயத்து விதிகள். தமிழில் வனப் பஞ்சாயத்து என்று சொல்லலாம். (ஊர்ப் பஞ்சாயத்திடம் காட்டை ஒப்படைக்கும் சோதனை, சென்னை மாகாணத்தில் 1912இல் அமைந்த வனக் குழுவைத் தொடர்ந்து ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் நம் பக்கம் அது வேர்விடவில்லை.) ஊர்க்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மனுக் கொடுத்தால், ஊரின் எல்லைக்குள் உள்ள காட்டை அந்த ஊருக்கே ஒரு பஞ்சாயத்தாக ஒப்படைப்பார்கள். ஊர் கூடி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும், அவர்களில் ஒருவர் சர்பஞ்ச்.

இந்தப் பஞ்சாயத்து என்ன செய்யும்? புல் அறுக்க எந்த நாளில் திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யும். ஒரு வீட்டுக்கு இத்தனை கட்டு என்று கணக்கு வைக்கும். விதி மீறியவரிடம் சிறு அபராதம் வாங்கும், அல்லது அவருடைய அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். ஒரு காவலாளை வைத்து, வீட்டுக்கு வீடு பணமோ தானியமோ வசூலித்துச் சம்பளம் கொடுக்கும். தீ என்றால் வீட்டுக்கு ஒருவர் பச்சைக் கிளையோடு ஓட வேண்டும். உரிமை அனுபவிப்பவர் தீயை அணைக்க உதவியே ஆக வேண்டும் என்று 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் சொல்கிறது. சட்டம் சொன்னதால் 1921இல் யாரும் வரவில்லை. காடு தங்கள் கையில் இருக்கும் ஊரில் வந்தார்கள்.

ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கண்மாய்க்கு நீர்பாய்ச்சி வைத்து, அறுவடையில் அவருக்கு நெல் அளந்து, வரத்துக்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பிய ஊர்கள்தானே இவை! அங்கே தீ, இங்கே தண்ணீர். குடிமராமத்து எப்படித் தேய்ந்தது என்பது தனிக் கதை.

வனப் பஞ்சாயத்துகளும் எல்லா இடத்திலும் வெற்றி பெறவில்லை. மிகச் சிறிய ஊர்களால் காவலாளுக்குச் சம்பளம் திரட்ட முடியவில்லை. பிசின், மர வருமானம் நேராக ஊரின் கைக்கு வரவில்லை, தங்கள் பணத்தைத் தாங்களே செலவழிக்க அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1976இல் விதிகளை மாற்றினார்கள், தனி மாநிலம் ஆனபின் 2001இலும் 2005இலும் மறுபடி மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வனத்துறையின் கை கொஞ்சம் நீண்டது என்பது ஊர்க்காரர்களின் குறை. அப்படியும் உத்தராகண்டில் பதினோராயிரத்துக்கும் அதிகமான வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. சட்டப்படி இவ்வளவு பழமையான, இவ்வளவு பெரிய ஊர்க்காட்டு ஏற்பாடு இந்தியாவில் வேறு இல்லை.

அந்த மலைகளில் ஆண்கள் ராணுவத்துக்கும் டெல்லிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மணியார்டர் வருமானத்தில் ஓடும் ஊர்கள். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆளை அனுப்பிவிட்டு, பெண்கள் குடும்பத்தை நடத்தும் கீழக்கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக காட்டுக்குப் போவதும், தீயை முதலில் பார்ப்பதும் பெண்கள். ஆனால் பஞ்சாயத்தில் பல காலம் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு இட ஒதுக்கீடு பின்னாளில்தான் வந்தது.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடை வருமுன்பே காய்ந்த சருகை லேசாக எரித்துவிடுவார்கள். 1974இல் அது சரணாலயம் ஆனபின் அந்தத் தீ நிறுத்தப்பட்டது. அதன் பிறகு உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, தீ இல்லாததால்தான் இப்படி ஆனது என்கிறார்கள் சோளகர்கள். காய்ந்த உண்ணிச்செடிப் புதரில் தீப்பிடித்தால் தரையோடு போகாது, மரத்தின் தலைக்கு ஏறும். 2011இல் அதே காடு புலிகள் காப்பகம் ஆனது, அதே ஆண்டில் சோளகர் குடியிருப்புகள் சிலவற்றுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமையும் கிடைத்தது. ஆனால் தீ வைக்கும் பழக்கம் மட்டும் திரும்பவில்லை.

குமாயுனில் இப்போது என்ன நிலை? நன்றாக இல்லை. 2016இல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டி வந்தது. 2024 கோடையில் மறுபடி பெருந்தீ. ஜூன் மாதம் அல்மோராவுக்கு அருகே பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். மலை ஊர்கள் பல காலியாகிவிட்டன. கைவிட்ட வயலில் சீர் முளைக்கிறது, பிரூல் விழுகிறது, கூட்ட ஆள் இல்லை.

அதே அல்மோரா மாவட்டத்தில் ஷீத்லாகேத் என்று ஒரு சின்ன ஊர். கோசி ஆற்றுக்கு நீர் தரும் சியாஹி தேவி காடு அதன் அருகே இருக்கிறது. சுனைகள் வற்றுவதைக் கண்ட பெண்கள், இருபது வருடமாக அந்தக் காட்டைத் தீயிலிருந்து காத்து வருகிறார்கள். அவர்கள் செய்தது பெரிய விஷயம் இல்லை. மர ஏருக்காகப் பாஞ்ச் வெட்டுவதைக் குறைக்க, அல்மோராவில் உள்ள விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த இரும்பு ஏரைக் கொண்டுவந்தார்கள். பிறகு தீ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். விதைப்புக்கு முன் வயல் ஓரத்துப் புதரை வெட்டிக் கொளுத்துவது அங்கே வழக்கம், அதற்கு ஓண் என்று பெயர். ஏப்ரல், மே மாதக் காற்றில் அந்தத் தீ காட்டுக்குள் தாவுகிறது. எனவே கொளுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மார்ச் 31க்குள் கொளுத்தி முடித்துவிட வேண்டும், அதற்குமேல் யார் வயலிலும் புகை தெரியக்கூடாது என்று மட்டும் ஊர்க்கட்டுப்பாடு. ஏப்ரல் 1ஆம் தேதியை 'ஓண் திவஸ்' என்று 2022 முதல் கொண்டாடுகிறார்கள். மற்ற ஊர்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வனத்துறையே ஷீத்லாகேத்துக்கு ஆள் அனுப்பியது. நூறு வருடத்துக்கு முன் தீ வைத்தால் ஜெயில் என்று சொன்ன அதே துறை!