பத்து மாதம் பூட்டு, இரண்டு மாதம் வீடு



"பங்குனி பாதி போனால் டீச்சர் போனையே எடுக்க மாட்டார்" என்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிள்ளை எழுதியிருந்தான். உண்மைதான். அந்த நாட்களில் நானும் உங்கள் கணக்கு சாரும் கொடைக்கானலில் இருப்போம். ஏரிக்கு மேற்புறம் உள்ள எங்கள் சின்ன வீட்டைத் திறந்து, தட்டித் துடைத்து, அடுப்பு மூட்டுகிற வேலை. "அங்கே எப்படி டீச்சர் உங்களுக்கு வீடு?" என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கும் சேர்த்து இன்று கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். கடைசியில் உறவுகளுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஆகவே பாதியில் எழுந்து போகக் கூடாது!

முதலில் ஒரு கேள்வி. இன்று சுற்றுலா என்றாலே நினைவுக்கு வரும் அந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் முதன்முதலில் வீடு கட்டியது எதற்காக? குளிருக்கு என்பீர்கள். இல்லை, சாவுக்குப் பயந்து.

1834-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஒரு மிஷன் தொடங்கினார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. சிறு குழந்தைகளை இழந்த தாய்மார்கள் உண்டு. உடல்நலம் தேற ஓர் இடம் வேண்டும் என்று முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் முயன்றார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகுதான் பழனி மலைத்தொடரில் ஏறினார்கள். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. கொடைக்கானல் என்ற ஊரின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தாம்.

அதற்கு முன் அங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பளியர்கள் காட்டில் வாழ்ந்தார்கள். குன்னுவர்கள் மலைச்சரிவுகளில் பயிர் செய்தார்கள். பூம்பாறை, வில்பட்டி, வெள்ளகவி எல்லாம் பழைய ஊர்கள். 1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி அந்த மலையை அளக்க வந்ததும் வெள்ளகவி வழியாகத்தான். பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருந்தவர்களின் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தவரைத்தான் நாம் "கண்டுபிடித்தவர்" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ச்சல் கெட்ட காற்றினால் வருகிறது என்றுதான் அந்தக் காலத்தில் நம்பினார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். ஆக, 1845-இல் மலையேறியவர்கள் சொன்ன காரணம் தவறு, செய்த காரியம் சரி. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் மலேரியா எளிதில் பரவுவதில்லை. விடை சரியாக வந்தாலும் வழிமுறை தப்பு என்றால் கணக்கு சார் பாதி மதிப்பெண்தான் போடுவார், தெரியுமல்லவா?

சரி, ஏரி எப்போது வந்தது? அந்த இரண்டு வீடுகள் கட்டியபோது ஏரி கிடையாது. ஓர் ஓடையும் சதுப்பு நிலமும்தான். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். மீன் குஞ்சு விட்டார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவரச் செய்தார் என்பார்கள். ஊட்டி ஏரியும் இதே போல 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்ததுதான். நாம் "இயற்கை அழகு" என்று கட்டுரை எழுதுகிற இரண்டு ஏரிகளும் மனிதர் கட்டியவை. கரை உடைந்தாலோ மதகு அடைத்தாலோ அந்த அழகு போய்விடும். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற நீர்தான், நீங்கள் பேருந்தில் ஏறி வரும்போது பார்க்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி.

லெவிஞ்ச் 1867-இல் பணி ஓய்வு பெற்றபின் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தான் உண்டாக்கிய ஊரிலேயே தங்கினார். 1885-இல் காலமானார். அவரைப் போல ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தவர்கள் குறைவு. ஏரியைச் சுற்றி வீடு கட்டிய மற்றவர்களில் பெரும்பாலோர் ஏப்ரலில் வந்து ஜூனில் இறங்கிவிடுவார்கள். அதைத்தான் 'சீசன்' என்றார்கள். 1890-இல் படகுக் கழகம் வந்தது. 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று ஹைகிளர்க் பள்ளி வந்தது, இன்றைய சர்வதேசப் பள்ளி. விடுதியில் இருக்கும் குழந்தைகள் சீசனில் அப்பா அம்மா மலையேறி வந்ததும் வீட்டுக்குப் போய் அவர்களோடு இருப்பார்கள். ஆண்டில் அந்தச் சில வாரங்கள்தாம் அவர்களுக்குக் குடும்பம். ஆகவே, ஏரிக்கரையில் ஒரு வீட்டின் கதவு திறக்கிறது என்றால், ஒரு குழந்தை அம்மாவைப் பார்க்கப் போகிறது என்று அர்த்தம்.

இனி, எந்தப் புத்தகத்திலும் நான் அதிகம் பார்க்காத பகுதிக்கு வருகிறேன். அந்தக் கதவைத் திறந்தது யார்?

1875-இல் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். அதுதான் பிறகு 'கொடைக்கானல் ரோடு' ஆனது. அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. பிறகு சுமார் 12 மைல் செங்குத்தான ஏற்றம். இயன்றவர்கள் நடப்பார்கள், அல்லது குதிரையில் போவார்கள். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார, கம்பு கட்டித் தோளில் தூக்கிப் போவார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை போட்ட பிறகுதான் மோட்டார் வண்டி ஏறியது. அதுவரை கொடைக்கானலின் ஒவ்வொரு கண்ணாடிச் சன்னலும் ஒரு மனிதனின் தலைமேல் ஏறித்தான் வந்திருக்கிறது.

அந்தத் தலைகளில் ஒன்று, சாருடைய தாத்தாவுடையது. அவர் நாற்காலி தூக்கியவர். தோளில் காய்த்துப் போயிருந்த மேட்டைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்ததாகச் சார் சொல்வார். தாத்தாவின் மகன், அதாவது என் மாமனார், ஏரிக்கரை பங்களா ஒன்றில் தோட்டக்காரராகவும் காவல்காரராகவும் இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியபோது, பின்புறத்து அவுட்ஹவுசையும் கொஞ்சம் நிலத்தையும் குறைந்த விலைக்கு இவருக்குக் கொடுத்தார்கள். அதுதான் எங்கள் வீடு. முன்னறைச் சன்னலில் நின்று கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் உள்ளங்கை அளவு ஏரி தெரியும். "ஏரிக்கரை வீடு" என்று நாங்கள் பெருமை பேசுவது அந்த உள்ளங்கையை வைத்துத்தான்!

மாமனார் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று. மலையில் வீட்டைக் கெடுப்பது மழை மட்டுமல்ல, ஆள் இல்லாததுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊறும். மார்கழி, தையில் உறைபனி விழும். உள்ளே அடுப்பெரியவில்லை, சன்னல் திறக்கவில்லை என்றால் ஈரம் போக வழியில்லை. மெத்தையில் பூசணம் பூக்கும். கதவு உப்பிக்கொண்டு திறக்காது. புகைபோக்கியில் குருவி கூடு கட்டும். குரங்கு ஓடு நகர்த்தினால் அந்த ஒரு ஓட்டின் வழியாக ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே இறங்கும்.

அதனால் திறப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அடுப்பு மூட்டக் கூடாது. புகைபோக்கியைப் பார்த்துவிட்டுத்தான் மூட்ட வேண்டும். பிறகு எல்லாச் சன்னலும் திறக்க வேண்டும். மூன்று நாள் வெயிலில் படுக்கையைப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் ஒரு சொம்பு எடுக்கக் கூடாது. கடைசியில் வீடு முழுக்கச் சாம்பிராணி. ஆறு பெரும்பொழுது சொல்லிக் கொடுத்தபோது சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று உங்களுக்கு ஒப்பித்துக் காட்டினேன். வத்தலக்குண்டில் அது வெறும் கொளுத்துகிற வெயில். ஊறிப்போன மெத்தை காய்கிற வாசனையில்தான் எனக்கு இளவேனில் என்ற சொல் புரிந்தது.

பெரிய பங்களாக்களை இப்படிப் பத்து மாதம் உயிரோடு வைத்திருந்தவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. வாரத்துக்கு ஒருநாள் உள்ளே போய் நெருப்பு மூட்டி, சன்னல் திறந்து வைத்துப் பூட்டிய காவல்காரர்கள். சொந்தக்காரர் பெயர் வாசல் கல்லில் இருக்கும். இவர்கள் பெயர் சம்பளக் கணக்கில்கூட மிஞ்சவில்லை. ஒரு வீட்டுக்கு யார் சொந்தம் என்று பத்திரம் சொல்லும். அந்த வீட்டை வீடாக வைத்திருந்தது யார் என்று அது சொல்லாது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. கூட்டத்தைத் தாங்க முடியாமல் 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அடுத்த ஆண்டு சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நாற்காலியில் நூறு பேர் ஏறிய மலையின் கதை இது. எங்கள் தெருவிலும் ஒவ்வொரு வீடாக விடுதி ஆகிறது. அங்கேயே வேலை பார்க்கிற மருத்துவமனை ஊழியர், கடை ஊழியர், ஆசிரியர் போன்றவர்களுக்குக் குடியிருக்க வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்களுக்கும் வயதாகிவிட்டது. சாருக்குப் போன ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை. ஏணியில் ஏறி ஓடு மாற்ற முடியாது. மகன் விற்றுவிடச் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விடுதி நடத்த ஒருவர் நல்ல விலை பேசினார். நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் பேசினோம். ஒரு நாள் சார் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பா காலத்திலிருந்து இதுவரை இந்த வீடு திறந்திருந்த மாதங்களைவிடப் பூட்டியிருந்த மாதங்கள்தான் அதிகம். "எங்க அப்பா அடுத்தவங்க வீட்டுக்கு வாராவாரம் நெருப்பு மூட்டினார். நாம நம்ம வீட்டைப் பூட்டியே வச்சிருக்கோம்" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். விற்கவில்லை. விடுதிக்கும் கொடுக்கவில்லை. அங்கே செவிலியராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, ஆண்டு முழுவதும் குடியிருக்க வாடகைக்கு விட்டாயிற்று. பின்பக்க அறை ஒன்று மட்டும் எங்களுக்கு. இந்தப் பங்குனியில் நாங்கள் போய்த் திறந்து கொடுத்துவிட்டு வந்தோம். இனி அந்த வீட்டைத் திறக்க யாரும் போக வேண்டியதில்லை. தினமும் காலையில் அதுவாகத் திறக்கும்.

இதுதான் உறவுகளுக்கான செய்தி. மே மாதம் பத்துப் பேர், பதினைந்து பேராக வந்து பாய் விரித்துப் படுத்த காலம் முடிந்தது. சின்ன மைத்துனர் இதைப் படித்துவிட்டுப் போனில் கோபிப்பார் என்று தெரியும். அவருக்குச் சொல்கிறேன்: தம்பி, வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள். பின்னறையில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். சாப்பாடு நான் போடுகிறேன். சன்னலில் அந்த உள்ளங்கை ஏரி இப்போதும் இருக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு வழக்கம் போல வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் யாருடைய வீட்டைக் கட்டினார்கள், காத்தார்கள், யாருக்குச் சுமை தூக்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயரை எழுதுங்கள். என் மாமனார் பெயரை அந்த வீட்டு நிலைக்கதவில் சார் இந்த முறை உளியால் செதுக்கிவிட்டு வந்தார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் பிழை இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்